நாற்காலியில் காய்த்த பட்டாணி

பூதக்கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே திரிந்ததால் அருங்காட்சியகப் பட்டறையில் அவளுக்குப் ‘பூதம்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. பதினோரு வருஷமாக மெருகு போட்டவள். உளி பிடிக்கவும் தெரியும் என்று அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. தலைமைத் தச்சர் கையில் கட்டோடு வந்த வாரத்தில்தான் முதல் செதுக்கு வேலை கிடைத்தது. இருநூறு வருஷத்து நாற்காலி ஒன்றில் வலது கைப்பிடியின் நுனி போயிருந்தது. இடது நுனியில் இருந்த திராட்சைக் குலையைப் பார்த்து அப்படியே செதுக்க வேண்டும். சொதப்பினால் மறுபடி மெருகுத் துணிதான் என்பதைத் தச்சர் சொல்லாமல் சொல்லிவிட்டார்.

உளியை வைக்கப் போனவளுக்குச் சாய்மானத்தில் ஓடிய கொடி கண்ணை உறுத்தியது. கொடி பிடித்து ஏறுகிற சுருள், இலையின் நுனியிலிருந்தே கிளம்பியிருந்தது. திராட்சையில் அது தண்டிலிருந்தல்லவா வரும்? இலை நுனியே நீண்டு சுருள்வதை அவள் தினமும் தன் மாடித் தொட்டியில் பார்க்கிறாள். பட்டாணிச் செடி! நெஞ்சு படபடக்க இடது நுனியைப் பார்த்தாள். மரத்தின் ரேகையே வேறு. முடியளவு பசைக்கோடு. எவரோ பிற்காலத்தில் ஒட்டவைத்த துண்டு.

அவள் சொன்னதும் தச்சர் சிரித்துவிட்டார். “ராஜா உக்காந்த நாற்காலியில பட்டாணியா? பசியோட பாத்திருப்பே, பூதம்.”

அவள் வாக்குவாதம் செய்யவில்லை. சாய்மானத்தின் உச்சியில் பழைய மெருகு கறுத்து அப்பிக் கிடந்த இடத்தைத் துடைத்துப் பார்க்க அனுமதி கேட்டாள். நகமளவுக்கு மேல் போகக் கூடாது என்றார் தச்சர். எந்தப் படலம் எத்தனை தேய்ப்பில் விடும் என்பது அவள் விரலுக்கே தெரியும். மூன்றாவது பஞ்சில் ஒரு மணி எட்டிப் பார்த்தது. பக்கத்தில் இன்னொன்று. “இன்னும் கொஞ்சம் துடை” என்று தச்சரே அவசரப்படுத்தினார். வரிசையாக ஐந்து மணிகள், அவற்றைச் சுற்றிப் பிளந்த காய்த்தோலின் இரண்டு உதடுகள்.

“எண்ணிப் பாருங்கண்ணே. குலைன்னா இப்படி வரிசையில நிக்குமா?”

அவள் கழுத்தில் கிடந்த கண்ணாடியைத் தச்சர் அப்படியே இழுக்க, அவளும் சேர்ந்து குனிய வேண்டியதாயிற்று. வெகுநேரம் பார்த்தார்.

“அப்போ இடது பக்கமும் தப்புதான். அதையும் கழட்டிடு. ரெண்டையும் நீயே செதுக்கு, மேலிடத்துல நான் பேசிக்கிறேன்.”

அன்று அவள் சாப்பிடவே போகவில்லை. பின்னாளில் எத்தனையோ செதுக்கினாள், உளியை எடுக்கையில் வரும் அந்தப் படபடப்பு மட்டும் கடைசிவரை அடங்கவில்லை.