பீர்ப் புட்டியின் கழுத்து

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் பெங்களூரிலிருந்து வரும் பீர்ப் பெட்டிகளோடு சென்னையில் அலைந்துகொண்டிருந்தேன். மூன்றாம் பாரத்தோடு படிப்பை விட்டவன். பெங்களூரில் ஒரு பீர் ஆலையில் புட்டி கழுவியதும் உண்டு. மைசூர் சமஸ்தானத்துச் சரக்கு எங்கள் மாகாணத்துக்குள் வர மதுவரி வாங்கும் அப்காரி இலாகாவின் பாஸ் வேண்டும். எத்தனை புட்டி, எந்த வண்டி, எந்தக் கடை என்று அதில் எழுதியிருக்கும். ஒரு புட்டி குறைந்தாலும் வழியில் விற்றதாக அர்த்தம். சரக்கோடு வண்டியும் மாடும் பறிமுதல்.

அன்று ரயிலடியிலிருந்து அடையாறு கடைக்குச் சரக்கு ஏற்றிய மாட்டு வண்டி ஒரு முஸ்லிம் பாயுடையது. அவருக்கு இந்தச் சரக்கு புதிது. மயிலாப்பூர் கால்வாய் ஓரம் மாட்டை அவிழ்த்ததும் நான் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்புவதற்குள் வெயிலில் பீர் பொங்கி ஐந்து புட்டிகள் வெடித்திருந்தன. மாட்டின் குளம்பில் குத்தும் என்று பாய் கண்ணாடி முழுவதையும் கூட்டிக் கால்வாயில் கொட்டிவிட்டார். நல்ல வண்டிக்காரர் யாரும் அதைத்தான் செய்வார்.

ஆனால் உடைந்த புட்டிக்கு, அதை விற்கவில்லை என்பதற்குச் சாட்சியாக, மூடி திறக்காத அதன் கழுத்தைக் காட்ட வேண்டும். ஆலையில் நான் கற்றது அது ஒன்றுதான்.

“கழுத்துங்க எங்க பாய்?” என்றேன்.

“புட்டியே பூட்ச்சு. கழுத்த வெச்சிக்கினு இன்னா பண்றது?” என்று சிரித்தார்.

பாஸைப் படித்துச் சொன்னேன். சிரிப்பு நின்றது. அந்த ஜோடி மாடுகளை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை.

வேட்டியை மடித்துக் கட்டிக் கால்வாயில் இறங்கினேன். முழங்கால் வரை சேறு. காலால் தடவிக் கையால் எடுத்ததில் நான்கு கிடைத்தன. பாதம் இரண்டு இடத்தில் கிழிந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி இறங்கினேன்.

“மேல வா நைனா. நாலு கீதே, ஒண்ணுக்காவ மாட்டப் புடிச்சிக்கினு பூடுவானா?”

“ஒண்ணுக்குத்தான் புடிப்பான் பாய்.”

பொழுது சாயும் முன் ஐந்தாவதும் கைக்கு வந்தது.

கடையில் காத்திருந்த அப்காரி இன்ஸ்பெக்டர் புட்டிகளை எண்ணினார். பிறகு கழுத்துகளை வரிசையாக வைத்து, ஒவ்வொரு மூடியையும் நகத்தால் நெம்பிப் பார்த்தார். பாய் மாட்டின் கொம்பைப் பிடித்தபடி நின்றார். உடைந்தது ஐந்து என்று பாஸின் பின்புறம் எழுதிக் கையெழுத்திட்டு, வண்டியை எடுக்கச் சொன்னார். கழுத்துகளில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்து, இவற்றைத் தேடி எடுத்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன், கொஞ்சம் உரக்கவே.

வரும்போது பெட்டிகளோடு பின்னால் உட்கார்ந்து வந்த என்னை, திரும்பும்போது பாய் அங்கே உட்கார விடவில்லை. கால் விண்விண்ணென்று வலிக்க, முன்பக்கம் அவர் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து மயிலாப்பூரைக் கடந்தேன்.