நாட்குறிப்பில் எழுதிய பொய்

அண்ணனை வெளியே உட்காரவைத்துவிட்டு நான்தான் மருத்துவரிடம் பேசினேன். புற்றுநோய், நான்கு மாதம் தாண்டுவது கடினம் என்றார்.

"அவுககிட்டச் சொல்லணுமே?"

"வேணாம் டாக்டர், ஒடைஞ்சுருவாக."

எங்கள் திராட்சைத் தோட்டத்தில் கொடி வெட்டிவிடும் கவாத்துத் தேதி பார்க்க அண்ணன் என் நாட்குறிப்பைப் புரட்டுவார். அதனால் அவரிடம் சொன்னபடியே அதிலும் 'வயிற்றுப்புண்' என்றே எழுதினேன்.

அதை நம்பிக் கொடியைக் கவாத்து செய்தார். சொல்லாமல் கல்யாணம் முடித்துக் குமுளிக்குப் போன மகளோடு அவருக்குப் பேச்சில்லை. "பழம் வெட்டட்டும், நானே போயிக் கூட்டியாரேன்," என்றார்.

பழம் கனியும் முன்பே படுத்துவிட்டார். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன்.

"ஏலே, அன்னைக்கே சொல்லியிருந்தா தோட்டத்தப் போட்டுட்டுப் புள்ளையப் பாக்கப் போயிருப்பேனே."

நான் சொல்லியனுப்பி மகள் வந்தபோது அவருக்கு நினைவில்லை.

மிச்சமிருந்த நாட்கள் அவருடையவை. அவரைக் கேட்காமல் நான் செலவழித்துவிட்டேன். பிறகொரு நாள் நாட்குறிப்பில் 'வயிற்றுப்புண்' என்ற சொல்லை அடித்து, நோயின் பெயரை எழுதினேன். புரட்டிப் பார்க்க அவர் இல்லை.