அனுப்பர்பாளையத்துப் பெட்டி

வேல்விழிக்கு ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். கல்யாணமாகி வந்த கையோடு திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தவள், இன்றுவரை அதே மேசை, அதே ட்யூப்லைட். தைத்து வரும் பனியனை விரித்து, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொங்கும் பிசிறை டிரிம்மரால் நறுக்கி, மேலே மாட்டியிருக்கும் கம்பெனிக் கோட்டின் பையில் போட்டுக்கொண்டு அடுத்த பீஸை இழுக்க வேண்டும். பிசிறைத் தரையில் போட்டால் சூப்பர்வைசர் கத்துவார். வருசக்கணக்காக இதையே செய்த கை சும்மா இருக்குமா? பஸ்ஸில் முன்னால் நிற்பவளின் ஜாக்கெட்டில் நூல் தொங்கினால்கூட வேல்விழிக்கு விரல் துறுதுறுக்கும். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் பட்டு வேட்டிக் கரையிலேயே கைவைக்கப் போய்விட்டாள். அவளை இழுத்துக்கொண்டு பந்திக்கு ஓடியது ராக்கையாதான்.

ராக்கையா அவள் புருசன். அதே கம்பெனியில் வேன் ஓட்டுகிறான். தங்கமான மனுசன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

இப்படிப்பட்டவளுக்கும் விண்வெளிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எல்லாம் ஜெபக்குமார் செய்த வேலை. தூத்துக்குடிக்காரன், தையல் மெஷின் மெக்கானிக். கம்பெனி கம்பெனியாகப் போய் மெஷின் போர்டு ரிப்பேர் செய்கிறவனுக்கு வானத்தின் மேல் ஒரு கிறுக்கு. பெரிய பலூனில் ஒரு பெட்டியைக் கட்டி விட்டால், விமானம் பறக்கும் உயரத்தையெல்லாம் தாண்டிப் போய், வானம் கறுக்கும் இடத்தைப் படம் பிடித்து வரும் என்று கண்டவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தான். சொந்தமாகச் சின்னத் தையல் யூனிட் வைத்திருந்த தரணீதரன் அதைக் கேட்டுச் சொக்கிப்போய், அனுப்பர்பாளையத்தில் தன் யூனிட் மாடியை ஒழித்துக் கொடுத்தார். ஞாயிறு தவறாமல் அங்கே கூட்டம் கூடும். டெய்லர், டிரைவர், எலக்ட்ரீசியன், காலேஜ் முடித்துச் சும்மா இருந்த இரண்டு பேர். யாரும் யாருக்கும் முதலாளி இல்லை.

பாரசூட் தைக்க ஆள் வேண்டுமென்று வேல்விழியைக் கூப்பிட்டார்கள். கையில் கிடைத்தது பனியன் துணி, அதிலேயே முதல் பாரசூட்டைத் தைத்தாள். தண்ணீர் நிரப்பிய குடத்தைக் கட்டி மாடியிலிருந்து போட்டார்கள். பனியன் துணி இழுத்தால் நீளும் என்று திருப்பூரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், இவர்கள் அத்தனை பேருக்கும் அந்த நேரத்தில் தெரியவில்லை. துணி ஜவ்வாக நீண்டுகொண்டே வர, குடம் மட்டும் நேரே தரைக்குப் போய்ச் சிதறியது. தெருவே சிரித்தது. வேல்விழியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அன்றைக்கே அந்தக் குழுவில் ஒட்டிக்கொண்டாள்.

அப்புறம்தான் அரசின் அறிவிப்பு வந்தது. ஊர்க்காரர்கள் தாங்களே கூடி நடத்தும் விண்வெளிக் குழுக்களுக்கு உதவித்தொகை. முதல் தவணையில் பலூனும் வாயுவும் கருவிகளும் வாங்கிக்கொள்ளலாம். பிறகு மேற்பார்வை அதிகாரி முன்னால் பெட்டியை வானத்துக்கு அனுப்பி, அன்றே திரும்ப எடுத்துப் படத்தையும் அளவுகளையும் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் மீதித் தொகையோடு, அடுத்த வருசம் பறக்கப்போகும் ஒரு சிறிய ராக்கெட்டில் அந்தக் குழுவின் பெட்டிக்கு இடம்.

ராக்கெட் என்றதும் வேல்விழிக்குத் தூக்கம் போயிற்று. "நான் பாத்து விட்ட துணியெல்லாம் எந்தெந்த தேசத்துக்கோ போகுது. நான் கோயமுத்தூரத் தாண்டல. நம்ம கையால செஞ்சது ஒண்ணு அங்கன போகட்டுமே" என்று புருசனிடம் சொன்னாள்.

"போகட்டும், போகட்டும். நிலாவுல இருக்கவன் பனியனில்லாம நடுங்குறானாம்" என்றான் ராக்கையா. ஆனாலும் அந்த நாளுக்குக் கம்பெனி வேனைக் கேட்டு வாங்கி வைத்தது அவன்தான்.

அதிகாரி சித்ராதேவி சென்னையிலிருந்து வந்திருந்தார். அதிகம் பேசாத அம்மாள். மார்கழிக் காற்று தெற்கே தள்ளிக்கொண்டிருந்தது, விமான நிலைய அனுமதியும் வந்துவிட்டது. ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் பலூனை ஊத ஊத அது யானைக்குட்டியாகப் பெருத்து ஆடியது. வேல்விழி டிரிம்மரும் கையுமாகச் செக்கிங் கோட்டைச் சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டு, பெட்டியைக் கடைசியாக ஒருமுறை துடைத்து, கயிறு கயிறாக இழுத்துப் பார்த்து, "பாஸ்" என்றாள். கையை விட்டார்கள். பலூன் சரசரவென்று ஏறி, பொட்டாகி, ஜொலித்து, மறைந்தது. தரணீதரன் குதித்த குதியில் செருப்பு ஒன்று பறந்தே போனது.

எல்லோரும் வேனில் ஏறி உடுமலைப்பேட்டை ரோட்டைப் பிடித்தார்கள். அதிகாரியின் ஜீப் பின்னால் வந்தது. ஜெபக்குமாரின் மடியில் ரிசீவர். பெட்டி எங்கே இருக்கிறது என்று அதுதான் சொல்ல வேண்டும்.

"இப்பிடி வெரட்டிக்கிட்டுப் போறீகளே, மெதுவாப் போங்க" என்றாள் வேல்விழி.

"இத்தன வருசமா அனுப்புன சரக்கு திரும்பி வந்துரக் கூடாதுன்னு சாமி கும்பிட்டவ நீ. இன்னைக்குத் திரும்பி வரணும்னு கும்பிடுற. சாமி குழம்பிராது?" என்று ராக்கையா கேட்க, வேனே சிரித்தது.

ஜெபக்குமார் மட்டும் சிரிக்கவில்லை. "சிக்னல் ரொம்ப வீக்கா இருக்கே. ஆண்டெனாவுக்கு என்ன ஆச்சு? எடை குறையட்டும்னு காலையிலதான் கம்பிய எடுத்துட்டு மெல்லிசு ஒயரா மாட்டுனேன். கறுப்பு ஒயர். பொட்டிக்கு அடியில தொங்கிச்சுல்லா?"

வேல்விழிக்குக் குப்பென்று வேர்த்தது. கோட்டுப் பைக்குள் கையை விட்டாள். பிசிறு நூல்களுக்கு நடுவே கறுப்பாக, வழுவழுப்பாக ஒன்று அகப்பட்டது. வெளியே எடுத்துக் காட்டினாள். நறுக்கியதுகூட அவளுக்கு நினைவில்லை, கை நறுக்கிப் பைக்குள் போட்டிருக்கிறது.

"அடிப்பாவி, அதையுமா?" என்றான் ராக்கையா.

ஜெபக்குமார் தலையில் கைவைத்துக்கொண்டான். பிறகு அவனே நிமிர்ந்தான். "மேல இருக்கிற வரைக்கும் எப்படியாச்சும் கேக்கும். கீழ எறங்கிட்டா பக்கத்துல போனாத்தான் கேக்கும். ஓட்டுங்கண்ணே."

"இத மேடத்துகிட்டச் சொல்லிப் போடாதீங்க அக்கா" என்றார் தரணீதரன், தாழ்ந்த குரலில். "நம்ம கவனக்குறைவுல கோளாறுன்னா பணமும் இல்லீங்க, ராக்கெட்டும் இல்லீங்க. விதியில அப்படித்தான் போட்டிருக்குதுங்க. காத்துல அந்துபோச்சுன்னு சொல்லிக்கலாம்."

வேல்விழி தலையை மட்டும் ஆட்டினாள். இத்தனை பேரின் ஞாயிற்றுக்கிழமைகளையும் ஒரு நறுக்கில் நறுக்கிவிட்டோமே என்று நொந்தபடி ஒயரைச் சுருட்டித் திரும்பவும் கோட்டுப் பைக்குள் வைத்தாள்.

வேன் உடுமலை தாண்டியதும், எதிர்பார்த்தபடியே உச்சியில் பலூன் வெடித்து, நீளாத துணியில் புதிதாகத் தைத்த பாரசூட்டில் பெட்டி இறங்கத் தொடங்கியது. காற்றாலைகளைத் தாண்டி, மடத்துக்குளம் பக்கம், கணியூருக்குக் கிட்டே என்பதுவரை ரிசீவர் சொன்னது. அதோடு ஊமையானது. ராக்கையா வாய்க்கால் ரோட்டில் வேனை விட்டான். ஆளுக்கொரு ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு வந்தார்கள். எதிரே வந்த பால்காரரிடமும், தேங்காய் லாரிக்காரரிடமும், "வானத்துலருந்து ஒரு பொட்டி விழுந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள். வெயில் சாயத் தொடங்கியது. ஜெபக்குமார் கண்ணை மூடி ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தான். திடீரென்று ரிசீவர் கீச்சிட்டது.

"இங்கதான், இங்கதான், வலது பக்கம்" என்று அவன் பதற, வேன் ஒரு தென்னந்தோப்புக்குள் பாய்ந்தது.

தோப்பின் கிணற்று மேட்டில் ஆட்கள் கூடியிருந்தார்கள். தோட்டக்காரர் அப்புசாமிக் கவுண்டர், கயிறு கட்டிய கூடையில் அவர்களுடைய பெட்டியை வைத்துக் கிணற்றுக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது.

வேல்விழி வேன் நிற்பதற்குள் குதித்தாள். "ஐயா, போட்டுறாதீக, அது எங்க பொட்டி" என்று ஓடினாள்.

"கிட்ட வராதீங்க. குண்டு மாதிரி இருக்குதுங்க. மினுக்கு மினுக்குங்குது பாருங்க. தண்ணியில போட்டாத்தானுங்க அணையும்."

"குண்டு இல்லய்யா, கேமரா. நாங்கதான் விட்டோம்."

"திருப்பூர்க்காரங்க பனியன் போடுவாங்க, இதையெல்லாம் ஆருங்க போடுறாங்க?" என்று அவர் சந்தேகப்பட்டாரே ஒழியக் கயிற்றை நிறுத்தவில்லை. வேல்விழி கயிற்றை எட்டிப் பிடித்தாள். கை தோல் உரிய மேலே இழுத்து, பெட்டியை வாரி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தோப்பு மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "வெடிச்சா நானே போறேன். இத மட்டும் தரமாட்டேன்."

வெடிக்கவில்லை. ஜெபக்குமார் ஓடிவந்து மூடியைத் திறந்து, கார்டை உருவி லேப்டாப்பில் செருகினான். குளிர், காற்றழுத்தம், எல்லா அளவும் ஒழுங்காகப் பதிவாகியிருந்தன. பிறகு படம். மேலே மைக்கறுப்பாக வானம், கீழே வெள்ளை மேகம், இரண்டுக்கும் நடுவில் நீலமாக வளைந்த ஒரு விளிம்பு. தரணீதரன் அப்புசாமிக் கவுண்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கவுண்டரும் எதற்கென்று தெரியாமலே முதுகில் தட்டிக்கொடுத்தார்.

சித்ராதேவி எல்லாப் படத்தையும் பார்த்தார். பெட்டியைத் திருப்பி அடியில் விரலால் தடவினார். "படம் நல்லா வந்திருக்கு. ஆனா பாதியில சிக்னல் போயிருக்கே. ஆண்டெனா எப்படி அறுந்தது?"

"காத்துங்க மேடம். மேல பலத்த காத்துங்க" என்றார் தரணீதரன்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். ராக்கையா மனைவியைப் பார்த்துக் கண்ணாலேயே சும்மா இரு என்றான். காற்று என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் அதோடு முடிந்தது. வேல்விழி உண்மையை விழுங்கத்தான் பார்த்தாள். முடியவில்லை.

"காத்து இல்ல மேடம், நான்தான்" என்று கோட்டுப் பையிலிருந்து ஒயரை எடுத்து நீட்டினாள். "பிசிறுன்னு நெனச்சு நறுக்கிட்டேன்."

தரணீதரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சித்ராதேவி ஒயரை வாங்கிப் பார்த்தார். "காத்துன்னு எழுதியிருந்தா நானும் எழுதிட்டுப் போயிருப்பேன். ஏம்மா சொன்னீங்க?"

"காத்துன்னு எழுதுனா எல்லாரும் சரின்னு விட்ருவோம் மேடம். அடுத்த தடவையும் என் கை நறுக்கும். அது ராக்கெட்ல போற பொட்டி. இன்னைக்குக் கணியூர்ல விழுந்துச்சு, தேடி வந்துட்டோம். அங்கன போயி யாரு தேடுறது?"

"கவனக்குறைவுன்னா உதவி இல்லைன்னு விதி இருக்குதுங்களே மேடம்" என்று இழுத்தார் தரணீதரன். அதிகாரி குனிந்து நெடுநேரம் எழுதினார்.

"கவனக்குறைவு இருந்தா உதவி இல்லைன்னு விதி கிடையாது. மறைச்சாத்தான் இல்லை" என்றார் எழுதிக்கொண்டே. "இந்த மாசம் ரெண்டு குழு காத்துன்னாங்க. காத்த நான் பிடிச்சுக் கட்ட முடியுமா? இத உங்களால சரி பண்ண முடியும். பரிந்துரை எழுதிட்டேன். ராக்கெட்ல உங்க பெட்டிக்கு இடம் உண்டு."

ஜெபக்குமார் போட்ட கூச்சலில் தோப்பு மயில்கள் அலறிப் பறந்தன. கவுண்டர் ஆளுக்கு இரண்டு இளநீர் வெட்டச் சொன்னார். வேல்விழி உட்கார்ந்த இடத்திலேயே வாய்விட்டு அழுதாள், அழுகைக்கு நடுவில் சிரித்தாள், ராக்கையாவின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். மறுநாள் காலை ஷிப்ட் இருக்கிறது என்பது வேன் திருப்பூர் போய்ச் சேரும்வரை அவள் நினைவுக்கே வரவில்லை.