மிதுனத்தின் மேல் போட்ட பழி

நேற்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இதை எழுத உட்கார்ந்து அதற்குள் மூன்று முறை எழுந்துவிட்டேன். ஒரு முறை தண்ணீர் குடிக்க, ஒரு முறை பால்கனிக் கதவைச் சாத்த, இன்னொரு முறை சாத்திய கதவைத் திறக்க. பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டிருந்த பேத்தி, "கூர்ச்சோ தாத்தா" என்று தெலுங்கில் ஓர் அதட்டுப் போட்டுவிட்டுப் போனாள். என்னை உட்காரச் சொல்ல இந்த வீட்டில் எட்டு வயசுக்காரி ஒருத்திதான் பாக்கி, அவளும் சொல்லிவிட்டாள்.

விஷயம் இதுதான். என் பாஸ்போர்ட்டுக்குப் பிறந்த அத்தாட்சி வேண்டும் என்று என் மகள் ஹேமா அலமாரியைக் குடைந்தாள். மேல்தட்டில் என் ஜாதக நோட்டு இருந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியது. பிரித்ததும் அந்துருண்டை வாசனையும் பழைய மஞ்சள் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறியது. அட்டைக்கு உள்ளே, நான் பிறந்த ரயில்வே ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு நாலாக மடிந்து கிடந்தது. ஹேமா சும்மா இருப்பாளா? சீட்டில் இருந்த நாளையும் நேரத்தையும் கைபேசியில் ஒரு ஜாதக ஆப்பில் தட்டிப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க ரிஷபமாம்."

"போடி. பொறந்ததிலேருந்து நான் மிதுனம்."

"ரோகிணி நட்சத்திரம், ரிஷப ராசி. மூணு வாட்டி போட்டுப் பாத்துட்டேன்பா."

ஐயா, அறுபத்தாறு வயசுக்கு மேல் ஒருவனுக்கு ராசியை மாற்றலாமா? வீட்டு நம்பரை மாற்றினாலே எனக்கு ஒரு மாசம் தடுமாறும். அதைவிட, இதை முதலில் யாரிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டுமோ அவள் இல்லை. என் மனைவி சாந்தா போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்தப் பதற்றமெல்லாம் அதனால்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் மிதுனம் என்பது என்னுடைய இரண்டாவது இன்ஷியல். அப்பா மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ்வாசி, கண்ட்ரோல் ஆபீசில் வேலை. எந்த ரயில் எங்கே எத்தனை மணிக்கு என்று பார்த்துப் பார்த்து வண்டியை நகர்த்தும் உத்தியோகம். சென்னையிலிருந்து வரும் வாரப் பத்திரிகையை சிகந்திராபாத் ஸ்டேஷனில் வாங்கி வருவார். அட்டையில் ரயில் புகை வாசம் வீசும். நான் கடைசிப் பக்கத்துக்குப் போய் முதலில் மிதுனத்தைப் படிப்பேன். ராசிநாதன் புதன், காற்று ராசி, உபய ராசி. அதாவது நிற்பதும் இல்லை, போவதும் இல்லை. பேச்சு சாமர்த்தியம் உண்டு, மனசு ஓர் இடத்தில் தங்காது. படிக்கப் படிக்க எனக்குப் பெருமை தாங்காது. சைக்கிளை எங்கேயோ மறந்து வைத்தால் மிதுனம். ஹிந்திப் பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டுப் பாதியில் மிருதங்கம் கற்கப் போனால் அதுவும் மிதுனம். மிருதங்கத்தை விட்டபோது வீட்டில் ஒருவரும் கேட்கக்கூட இல்லை.

அம்மா என் பிறந்தநாளுக்குப் பிள்ளையார் கோயிலில் "மிருகசீரிஷ நட்சத்திரம், மிதுன ராசி" என்று அர்ச்சனை செய்வாள். இப்போது கணக்குப் பார்த்தால் வயிறு எரிகிறது. அத்தனை தேங்காயும் எனக்கு மறுநாள் பிறந்த எவனுக்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது. அவன் நன்றாக இருப்பான், இருக்கட்டும்.

அதே பிறந்தநாளன்று எங்கள் வீட்டில் வருஷா வருஷம் ஒரு சண்டை நடக்கும். அம்மா பாயசத்தைக் கிளறிக்கொண்டே, "ஞாயித்துக்கெழம ராத்திரி பொறந்த புள்ள" என்பாள். அப்பா உடனே, "திங்கட்கெழம, ரெண்டு நாப்பது" என்று திருத்துவார்.

"ஞாயித்துக்கெழம ராத்திரி படுக்கவே இல்ல நானு. வலி எடுத்தது எனக்கா, ஒங்களுக்கா?"

"பன்னெண்டு அடிச்சா எங்க ஆபீஸ்ல தேதி மாறிடும். சூரியனக் கேட்டுக்கிட்டா ரயில் உட முடியும்?"

நாங்கள் சிரித்துக்கொண்டு பாயசம் குடிப்போம். நேற்று நோட்டையும் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஆஸ்பத்திரிச் சீட்டில் திங்கட்கிழமை, 02.40. அப்பா அதைப் பார்த்து அரக்கோணத்து ஜோசியருக்குக் கார்டு போட்டிருக்கிறார். நோட்டில் ஜோசியர் அழகாக எழுதியிருக்கிறார், "திங்கட்கிழமை இரவு 2 மணி 40 நிமிடத்திற்கு" என்று. அப்பாவுக்குத் திங்கட்கிழமை என்பது நடுச்சாமம் பன்னிரண்டு மணிக்குப் பிறந்துவிடும். ஜோசியருக்கு அது விடிந்தால்தான் பிறக்கும், மறுநாள் விடியும்வரை இருக்கும். ஆக, அவர் கணக்கில் நான் செவ்வாய் விடியப்போகும் நேரத்தில் பிறந்தேன். முழுசாக ஒரு நாள் தள்ளிப் போய்விட்டது. அந்த ஒரு நாளில் சந்திரன் சாவகாசமாக ரிஷபத்தை விட்டு மிதுனத்துக்கு நடந்துவிட்டான். அம்மா சொன்ன மாதிரி ஞாயிறு ராத்திரி என்று எழுதியிருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும். வாழ்நாளில் ஒரு வண்டியையும் தடம் மாற்றி விடாத மனுஷர், பெற்ற பிள்ளையைத் தடம் மாற்றி விட்டுவிட்டார்.

இது இத்தோடு போயிருந்தால் நானும் சிரித்துவிட்டுத் தூங்கியிருப்பேன்.

சாந்தா எங்கள் ஊருக்கே மறுகோடியில் இருக்கும் ராமச்சந்திராபுரத்துப் பெண். அவள் அப்பாவுக்கு அங்கே தொழிற்சாலையில் வேலை, டவுன்ஷிப்பில் வீடு. தமிழும் ஹிந்தியும் கலந்துதான் பேசுவாள். பெண் பார்க்கப் போனபோது காபிக்கு இன்னும் சர்க்கரை வேண்டுமா என்று அவள் அம்மா கேட்க, எனக்குப் பதிலாக அவளே வேண்டாமென்று தலையாட்டி, "நக்கோமா, ஏற்கெனவே மூணு ஸ்பூன் போட்டுட்டேன்" என்றாள். எனக்கு அங்கேயே பிடித்துவிட்டது. அவள் தனுசு. மிதுனத்துக்குத் தனுசு ஏழாம் இடம், நேருக்கு நேர் பார்க்கிற ராசி, பேஷான பொருத்தம் என்று அதே ஜோசியர் எழுதினார். கல்யாணம் நடந்தது.

அப்புறம் ஆரம்பித்தது என் ஆட்டம். குஷாய்குடாவில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் நிரந்தர வேலை, ஏழு வருஷம் பார்த்துவிட்டு ஒரு நாள் மத்தியானம் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சாந்தா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "விட்டாச்சா? மிதுனமில்ல" என்றாள், அவ்வளவுதான். அதன் பிறகு தண்ணீர் ஃபில்டர் விற்றேன், இன்ஷூரன்ஸ் பிடித்தேன், ஒன்பது வீடு மாறினோம். அவளாக மறந்துபோய் ஏதாவது கேட்டால் நானே எடுத்துக் கொடுப்பேன். "நான் மிதுனம். கட்டிப் போட்டா செத்துப்போயிடுவேன்" என்பேன். என்ன வாய் எனக்கு!

அப்போது அவள் ராமச்சந்திராபுரத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு டீச்சர். காலையில் சாக்பீஸ் தூள் ஒட்டிய கைப்பையைத் தட்டிக்கொண்டு கிளம்பும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வேறு எந்த நேரத்திலும் அந்த முகம் அப்படி இருந்ததில்லை. எனக்கோ விஜயவாடாவில் பம்ப்செட் ஏஜென்சி எடுக்கும் பைத்தியம் பிடித்திருந்தது. இனிமேல் நமக்கு அந்த ஊர்தான், சாகிறவரை அங்கேதான் என்று சத்தியம் செய்யாத குறை.

ஒரு சாயங்காலம் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒரு வருஷம் லீவு எழுதிக் குடுன்னாங்க ஹெட்மிஸ்ட்ரஸ். நான்தான், இனிமே விஜயவாடாலயேன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாரு, எடத்தப் புடிச்சு வெச்சு ஒங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு அவங்ககிட்ட சொல்லி ராஜினாமாவே குடுத்துட்டேன்."

எட்டு மாசம். விஜயவாடா வெயிலில் எட்டே மாசம் தாங்கியது என் சத்தியம். திரும்பி வந்தபோது மூன்றாம் வகுப்பில் வேறொரு டீச்சர் இருந்தார். சாந்தா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அன்றைக்கு நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. அவளே, "என்ன பண்றது, உங்க ராசி அப்படி. விடுங்க" என்றாள். நான் விட்டேன். எவ்வளவு சுலபமாக விட்டேன் என்று நினைத்தால் இப்போது மேலெல்லாம் கூசுகிறது. அதற்கப்புறம் கடைசிவரை அவள் வீட்டில் டியூஷன்தான் எடுத்தாள்.

நேற்று ஹேமா ஆப்பில் எங்கள் இருவர் ஜாதகத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "ரிஷபமும் தனுசும் ஆறுக்கு எட்டாம்பா. பொருத்தமே இல்லையாம். அந்த ஜோசியர் சரியா எழுதியிருந்தா நானே பொறந்திருக்க மாட்டேன்!" நானும் சிரித்தேன். அந்தத் தப்பு எனக்கு அடித்த அதிர்ஷ்டம், அதில் சந்தேகமே இல்லை. அவளுக்கு? சரியாக எழுதியிருந்தால் அவள் வேறு ஒருத்தனுக்கு வாழ்க்கைப்பட்டு, ரிட்டையர் ஆகும்வரை அந்த மூன்றாம் வகுப்பிலேயே இருந்திருப்பாள். இந்த இடத்தில்தான் எழுந்து நடக்க ஆரம்பித்தேன், இன்னும் நிற்கவில்லை.

ரிஷபத்தைப் பற்றியும் படித்துப் பார்த்தேன். நில ராசி, ஸ்திர ராசி. நின்ற இடத்தை விட்டு அசையாது, கொடுத்த வாக்கில் நிற்கும், வீட்டு மனுஷர்களை வைத்துத் தாங்கும் என்று போட்டிருக்கிறது. அதில் ஒரு வரியாவது நானா?

மெட்டுகுடாவில் எங்கள் வரிசை குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். கார்டில் ஜாதகம் கேட்டு எழுதிய அப்பாவும் இல்லை, பதில் எழுதிய ஜோசியரும் இல்லை, ஞாயிற்றுக்கிழமைதான் என்று சொல்லிச் சொல்லித் தோற்ற அம்மாவும் இல்லை. அவர்களை எல்லாம் நினைத்துப் பெருமூச்சு விட்டு ஆற்றிக்கொள்ள முடிகிறது. ஆற்றிக்கொள்ள முடியாதது ஒன்றுதான். சாந்தா என் எதிரே ஐந்து நிமிஷம் உட்கார வேண்டும், அதற்கு வழியே இல்லாமல் போய்விட்டது. வாழ்க்கை முழுக்க என்னை மன்னித்தவள், மன்னிக்க வேண்டிய ஆள் யார் என்று தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

உன்னைப் பள்ளிக்கூடத்தை விட வைத்தது எந்தக் கிரகமும் இல்லை, சாந்தா. நான்தான்.