சேவுகன் கை வைத்த டைனமோ

இன்று காலை கோவிலூர் பக்கம் ஒரு பழைய லாரியை நான்கு பேர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இந்தக் காலத்தில் அபூர்வமான காட்சி. பைக்கை ஓரங்கட்டிவிட்டு நானும் ஒரு கை கொடுத்தேன். உறுமிக்கொண்டு கிளம்பிய லாரி கக்கிய டீசல் புகை மூக்கில் ஏறியதும், வேண்டாம் வேண்டாம் என்றாலும் சேவுகன் ஞாபகம் வந்துவிட்டது.

சேவுகனும் நானும் காரைக்குடியில் ஒரு ஆட்டோ எலக்ட்ரிக் கடையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். என்னைவிட இரண்டு வயது இளையவன், எனக்குப் பின்னால் சேர்ந்தவன். ஆனால் வருகிற டிரைவர்கள் எல்லாரும் "சேவுகன் இல்லியா?" என்றுதான் கேட்பார்கள். இல்லையென்றால், பிறகு வருகிறேன் என்று போய்விடுவார்கள். ஸ்பானரும் கையுமாக நான் ஒருத்தன் அங்கேயே நிற்பது அவர்கள் கண்ணில் படாது. ஒரே ஒரு டிரைவராவது என்னைத் தேடி வர மாட்டாரா என்று அப்போது எனக்கு இருந்த வயிற்றெரிச்சலில் ஒரு பேட்டரியே சார்ஜ் ஆகியிருக்கும்.

ஒருநாள் அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து என்று அவன் லீவு. நேமத்தான்பட்டி அழகர் வந்தார். சொந்த லாரி, அவரேதான் டிரைவர். சாயங்காலம் வரை நன்றாக ஓடுகிற வண்டி, விடிந்தால் எடுக்க மாட்டேன் என்கிறதாம். பேட்டரி காலி. புது பேட்டரி மாற்றியும் அதே கதை. "சேவுகன் வரட்டும்" என்றவரை விடாப்பிடியாக நிறுத்தினேன்.

சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் ஒரு வயரைக் கழற்றி, நடுவில் டெஸ்ட் பல்பை மாட்டினேன். எரியக் கூடாத பல்பு எரிந்தது. எங்கேயோ கரண்ட் கசிகிறது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பல்பு அசரவில்லை. அப்போதுதான் கேபினில் அய்யனார் படத்துக்கு மேலே ஒரு சின்ன சிவப்பு விளக்கைப் பார்த்தேன். வண்டி நின்றாலும் சாமி இருட்டில் இருக்கக் கூடாது என்று அழகர் அதை நேராகப் பேட்டரியிலேயே இணைத்திருந்தார். அகப்பட்டது! வயரைக் கத்தரித்தேன். கத்தரித்த பிறகு டெஸ்ட் பல்பை இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்பது பாலபாடம். நான் பார்க்கவில்லை. சேவுகன் வருவதற்குள் கண்டுபிடித்துவிட்ட மிதப்பு.

மறுநாள் விடிந்ததும் அழகர் பஸ் பிடித்து வந்து நின்றார்.

"சாமியயும் இருட்டுல போட்டீக, வண்டியும் எடுக்கல."

சேவுகனுடைய மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போனேன். அவன் டெஸ்ட் பல்பைக்கூட எடுக்கவில்லை. என்ஜினுக்குள் கையை விட்டு டைனமோ மேல் வைத்தான்.

"என்ஜினே ஓடல. இது எதுக்குண்ணே வெதுவெதுன்னு இருக்கு?"

உள்ளே, கரண்ட் திரும்பி வராமல் தடுக்கிற டயோடு போய், டைனமோதான் இரவெல்லாம் பேட்டரியைக் குடித்திருக்கிறது. அந்த வயருக்கு ஃபியூஸ் கிடையாது. நான் எத்தனை பிடுங்கியிருந்தாலும் தெரிந்திருக்காது.

அதோடு விட்டானா? சாமி விளக்கின் வயரை ஒட்டுப்போட்டுக்கொண்டே அழகரிடம், "இவுக பாத்ததும் சரிதாண்ணே. அதுவும் கொஞ்சம் இழுக்கத்தான் செஞ்சிருக்கு" என்றான். என்னைத் திட்டியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். இதை எப்படி மன்னிப்பது?

போன மாதம் அவன் போய்ச் சேர்ந்தான். நெற்குப்பையில் அவன் வீட்டு வாசலில் பழைய டிரைவர்கள் திரண்டு நின்றார்கள். கம்பை ஊன்றி வந்த அழகர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர்களில் ஒருவரிடமும் இப்போது லாரி இல்லை, எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட்டன. இப்போது வருகிற வண்டிகளில் கம்ப்யூட்டரைச் செருகினால் கோளாறை அதுவே சொல்லிவிடுகிறது. யாரும் யாரையும் பேர் சொல்லித் தேடி வருவதில்லை.

உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கூட்டத்தைப் பார்த்து எனக்கு வந்தது துக்கமில்லை, அசல் பொறாமை. வந்தவர்கள் எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள். என் முறை வரும்போது அதில் ஒருத்தர்கூட மிஞ்ச மாட்டார். சாகிறதிலும் அவன் முந்திக்கொண்டான்.