அறுத்தபோது உயிர் இருந்ததா?

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கணக்கு வரவில்லை, எழுத்தும் ஏதோ இவ்வளவுதான். எனக்கு நன்றாக வந்தது ஒன்றே ஒன்று, பயப்படுவது. அதற்காகவே பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் எனக்கு வேலை கிடைத்தது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். தினமும் காலையில் பாசார் என்கிற சந்தைக்குப் போய் மாட்டுக்கறி வாங்கி வரவேண்டும். "இவன் பயந்தாங்கொள்ளி. கெட்ட கறி இவன் கையைத் தாண்டி உள்ள வராது" என்று முதலாளி சாப்பிட வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அது உண்மைதான். கொழுப்பு சுத்த வெள்ளையாக இருந்தால் எருமையோ என்று தோன்றிவிடும். விரலால் அழுத்திப் பார்ப்பேன். பள்ளம் உடனே எழும்ப வேண்டும். முகர்ந்து பார்ப்பேன். வாங்கி முடித்துப் பாதி வழி வந்தபிறகு, சாக்கைப் பிரித்து இன்னொரு தடவை முகர்வேன்.

நாங்கள் கறி வாங்கியது ஒரே ஆளிடம். ராமநாதபுரத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிடுவேன். வரிசையாகப் பல கறிக்கடைகள் இருந்தாலும், சயாமிலிருந்து கப்பலேறி வரும் மாடுகளில் இளசாகப் பார்த்து எடுக்கத் தெரிந்தவர் அவர்தான். துரை வீட்டுச் சமையல்காரர்கள்கூட அவரிடம்தான் நிற்பார்கள்.

"வா மாப்பிளே. இன்னைக்கும் கறிக்கு நாடி பாக்கணுமா?"

"தொடை கொஞ்சம் கறுத்தாப்ல இருக்கே நானா."

"நீயுந்தான் கறுத்திருக்கே. உன்னை யாரும் வேணாங்கலியே."

எதைக் கேட்டாலும் அவருக்குக் கோபம் வராது. ஆனால் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கறியின் நிறத்தைக் கேட்கலாம், எடையைக் கேட்கலாம். எப்படி அறுத்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. முஸ்லிம் ஒருவர் கறியை நீட்டினால், இறைவன் பெயரால் பிஸ்மி சொல்லி உயிரோடு அறுத்தது என்று நம்பி வாங்கிக்கொள்ள வேண்டும். தானாகச் செத்த மாடு எங்களுக்கு ஹராம், தின்னக் கூடாதது. அதையா விற்கிறாய் என்று கேட்பது, நீ முஸ்லிம்தானா என்று கேட்கிற மாதிரி.

அது மழைக்காலம். வெங்காய மூட்டை எடுப்பதற்காகக் கப்பல் சரக்கு இறங்கும் ஜெட்டிக்குப் போயிருந்தேன். மாடுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு செவலைக் காளை மட்டும் எழுந்திருக்கவில்லை. நாலு பேர் அடியில் சாக்கைக் கொடுத்துத் தூக்கி, வண்டியில் போட்டார்கள். தலை பலகைக்கு வெளியே தொங்கியது. வண்டிக்குப் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றவர் நானா. நான் தூரத்தில் நின்றேன். கிட்டப் போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை.

மறுநாள் காலையில் அவர் கடையில் தொங்கிய கறி, நான் அதுவரை பார்த்ததிலேயே நல்ல கறி. அழுத்தியும் முகர்ந்தும் ஒரு குறையும் அகப்படவில்லை, அதுவே என் பயத்தைக் கிளப்பிவிட்டது. எனக்கு முன்னால் கல்யாண வீட்டுக்கு வாங்க வந்த ஒருவர் இருந்தார். பக்கத்தில் ஒரு மலாய் அம்மா, வாங்கிய கறியைக் கூடையில் வைத்துக்கொண்டு. மெதுவாகத்தான் கேட்டேன் என்று நினைத்தேன். பயந்தால் என் குரல் ஏறிவிடும்.

"நானா, நேத்து ஜெட்டியில கிடந்துச்சே, அந்த மாடா இது? அறுக்கும்போது அதுக்கு உசுரு இருந்துச்சா?"

நானாவின் வெட்டுக்கத்தி நின்றது.

"என்னது, செத்த மாடா?" என்று கல்யாண வீட்டுக்காரர் திரும்பினார்.

"ஐயோ, நான் அப்படிச் சொல்லல..."

மலாய் அம்மா என்ன விஷயம் என்று கேட்டார். கல்யாண வீட்டுக்காரர் மலாயில் சொன்னார். அந்த அம்மா பொட்டலத்தைக் கூடையிலிருந்து எடுத்துப் பலகையில் வைத்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார். கல்யாண வீட்டுக்காரர் அதுகூடச் சொல்லாமல் போனார்.

"முன்னங்கால் ஒடிஞ்ச மாடு மாப்பிளே," என்றார் நானா. "அறுக்கிற கொட்டகைக்குப் போனதும் முதல்ல அதைத்தான் அறுத்தாங்க. உசுரு இருந்துச்சு. என்னைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே."

அந்த வாரத்திலேயே பேச்சு ஊரெல்லாம் பரவிவிட்டது. அந்த மாட்டை ஓதி அறுத்த லெப்பை வந்து, உயிரோடுதான் அறுத்தேன் என்றார். அவர் நானாவுக்கு வேண்டியவர் என்றார்கள். துரை வீட்டுச் சமையல்காரர்களும் முஸ்லிம்கள்தான், அவர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள். எங்கள் முதலாளியே, "கொஞ்ச நாளைக்கு வேற எடத்துல வாங்குடா" என்றார்.

ஒரு மத்தியானம் நானா எங்கள் சமையல்கட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"நாலு பிள்ளைங்க மாப்பிளே. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சதும் பள்ளிவாசல் படியில ஒரு வார்த்தை சொல்லு. நீ கெளப்பினது, நீ சொன்னாத்தான் அடங்கும்."

சொல்கிறேன் என்றேன். சொல்லவும் செய்தேன். படியில் நின்று, "நான் தெரியாமக் கேட்டுட்டேன். நானா மேல ஒரு குத்தமும் இல்லை" என்றேன். நானா வெளுத்த சட்டையோடு எனக்குப் பின்னால் நின்றார்.

கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "அந்த மாட்டுக்கு உசுரு இருந்ததை நீ பாத்தியா?"

"பாக்கலை."

"செத்துக் கிடந்ததைப் பாத்தியா?"

"அதுவும் பாக்கலை."

"பின்ன எதுக்குடா கேட்டே?"

"பயமா இருந்துச்சு."

சிலர் சிரித்தார்கள். நானாவும் சிரிக்கப் பார்த்தார். அதோடு முடிந்திருக்கும். அந்த ஆள் விடவில்லை.

"சரி, இப்ப பயம் போயிருச்சா? அந்தக் கறியைக் குடுத்தா நீ தின்பியா?"

தின்பேன் என்று ஒரு சொல் போதும். நானாவைச் சந்தேகப்பட எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் நிற்பது பள்ளிவாசல் படி. கண்ணால் பார்க்காததைச் சொல்லி, அது பொய்யாகிவிட்டால்? எச்சில் விழுங்கினேன். எல்லாரும் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தின்பேன்," என்றேன். அதற்குள் கூட்டம் செருப்பை மாட்டிக் கலையத் தொடங்கிவிட்டது.

நானா குனிந்து தம் செருப்பைத் தேடினார். "நானா, சொல்லிட்டேனே," என்றேன்.

"சொன்னே மாப்பிளே. கேட்டுச்சு."

ரமலான் வருவதற்குள் நானா கடையை விட்டுவிட்டார். கடலுக்கு அக்கரையில் புக்கிட் மெர்தாஜாம் என்ற ஊரில் யாரோ ஒருவர் கடையில் கூலிக்குக் கறி வெட்டப் போவதாகச் சொன்னார்கள். அவர் புறப்பட்ட அன்று ஜெட்டிக்குப் போனேன். மனைவி, பிள்ளைகள், இரண்டு தகரப்பெட்டி, கறி வெட்டும் புளியமரக் கட்டை. கட்டையைப் படகில் ஏற்ற அவரும் மூத்த மகளும் திணறினார்கள். ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்தேன்.

"வேணாம் மாப்பிளே," என்றார். "நீ கையை எடு."