வெண்டல் கிராட்ஸுக்கு ஒரு குறையும் இல்லை

வெண்டல் கிராட்ஸ் தன் இடது காலை இரண்டு கைகளாலும் தூக்கி வைத்துத்தான் வண்டியில் ஏறுவார். கால் அந்தரத்தில் இருக்கும்போது யாராவது நலம் விசாரித்தால், பல்லைக் கடித்துக்கொண்டே, "நல்லா இருக்கேன், ஒரு குறையும் இல்ல" என்பார். ஒஹையோவில் அந்தச் சின்ன ஊரே இதை நம்பிவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில், அமெரிக்கப் பட்டாளத்தோடு ஜெர்மனியில் இருந்தபோது, டாங்கி மேலிருந்து விழுந்து முழங்கால் பிசகியது. மருத்துவ வரிசையில் நிற்பவனைப் பார்த்து, "அங்கேயே குடித்தனம் பண்ணுடா" என்பார் சார்ஜென்ட். வெண்டல் ரோஷக்காரர். கந்தல் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிட்டார்.

இப்போது அந்தக் காலுக்கு உதவி கேட்டு மனு போட்டால், முன்னாள் படைவீரர் அலுவலகம் அன்றைய மருத்துவச் சீட்டைக் கேட்கிறது. பட்டாளக் கோப்பில் அவருடைய சொத்தைப் பல்லைப் பற்றி மூன்று பக்கம் பத்திரமாக இருக்கிறது. முழங்கால் மட்டும் பட்டாளத்தில் சேரவே இல்லை போலும். முதல் மனு தள்ளுபடி. பிறகு, அன்று அவரைத் தூக்கிவிட்ட சக வீரர் ஸ்டப்ஸ் சாட்சிக் கடிதம் எழுதினார். அதோடு போன இரண்டாம் மனுவுக்கும் பரிசோதனை நடந்தது. உள்ளே நுழைந்ததும் டாக்டர் மரியாதைக்கு, "எப்படி இருக்கீங்க?" என்றார். "நல்லா இருக்கேன் சார்." பிசகிய முழங்காலை ஐம்பது வருடமாகக் கண்டுபிடிக்க முடியாத அலுவலகம், இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கச்சிதமாகப் பிடித்துத் தீர்ப்பில் எழுதி, அந்த மனுவையும் தள்ளிவிட்டது.

தினமும் அவரைக் குளியல் தொட்டியிலிருந்து தூக்கித் தூக்கி மனைவி லொரெட்டாவுக்கு இரண்டு தோளும் போய்விட்டன. மனு ஜெயித்தால் அரசாங்கம் குளியலறையை மாற்றிக் கொடுக்கும். பாவம், அவளுக்கு வேறு வழியில்லை. காலை உணவு மேஜையில் பயிற்சி தொடங்கினாள்.

"எப்படி இருக்கே?"

"நல்லா..."

"யோவ்! என்கிட்ட மட்டும் ராப்பகலா முனகுறே. அவங்ககிட்ட சொன்னா வாய் வெந்துடுமா?"

பதினைந்தாவது தடவை, "வலிக்குது" என்றார். சர்ச்சில் கெட்ட வார்த்தை பேசிவிட்டவர் மாதிரி முகம் சிவந்தது.

மூன்றாம் மனுவின் பரிசோதனைக்கு லொரெட்டாவும் உடன் போனாள். அங்கே இருந்த பெண் டாக்டர் ஓய்வு பெற்ற மேஜர். அவருடைய சீருடைப் படம் சுவரிலேயே தொங்கியது. வெண்டல் அதைப் பார்த்துவிட்டார். லொரெட்டா சட்டையைப் பிடித்து இழுப்பதற்குள், கைத்தடியை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு விறைப்பாக எழுந்து நின்று சல்யூட் அடித்தார்.

"எப்படி இருக்கீங்க, மிஸ்டர் கிராட்ஸ்?"

"நல்லா இருக்கேன், மேஜர்!"

முழங்கால் மடங்கியது. லொரெட்டா, தொட்டியில் தூக்குவது போலவே, அக்குளில் இரண்டு கைகளையும் கொடுத்துத் தாங்கினாள். சல்யூட் மட்டும் இறங்கவில்லை.